ஏற்காட்டுல இருக்கிற லுட்விக் டாம்: வளையத்தை அறுக்காதீங்க

உங்க 1960-கள் லுட்விக் டாம் (டிரம் செட்டுல வர்ற ஒரு டிரம்) மந்தமா கேக்குது, உள்ள இருக்கிற வளையத்தை அறுத்துடலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாங்க. அந்தக் காலத்து ஷெல், அதாவது டிரம்மோட மர உடம்பு, மூணே அடுக்கு, மெலிசு; வட்டம் கோணாம பிடிச்சு வைக்கிறதே அந்த மேப்பிள் வளையந்தான். நடு அடுக்கு பாப்லர் மரம், ஹெட் (மேல இழுத்துக் கட்டற தோல்) உக்கார்ற விளிம்பு உருண்டை. அதனால நாதம் சுருக்கமாத்தான் நிக்கும். இப்போதைய டிரம் செட் மாதிரி நீளாது.

எனக்குச் சந்தேகம் ஏற்காட்டு மலைப்பனி மேலதான்; அந்த ஈரத்துல வளையத்தோட பசை விட்டிருக்கலாம். ஹெட்டைக் கழட்டிட்டு வளையத்தை நகத்தால சுத்தித் தட்டுங்க. பொத்துன்னு கேக்கிற இடத்துல பசை விட்டிருக்கு. சிரிஞ்சுல மரப்பசை ஏத்தி, கிளாம்ப் போட்டு 24 மணி நேரம் விடுங்க.

அப்புறம் ஷெல்லைத் தடிச்ச கண்ணாடி மேல கவுத்து, இருட்டுல உள்ள டார்ச் வைங்க. விளிம்புக்கு அடியில வெளிச்சம் கசிஞ்சா, 220 உப்புத்தாளைக் கண்ணாடியில ஒட்டி லேசா தேய்ங்க. தேய்ச்சதுல தட்டையாயிட்ட விளிம்பைக் கையாலயே பழையபடி உருண்டையாக்குங்க. சேலத்துல தச்சர்கிட்ட கொடுத்தா விளிம்பை 45 டிகிரிக்குக் கூராக்கிடுவார். அந்தப் பழைய குரல் அதோட போச்சு.