காமிக்ஸ் ஓவியர் கிராஃபிக் நாவல் எழுதவும் முடியுமா?

தாராளமாக முடியும். அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் ஃபிராங்க் மில்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1979இல் மார்வெல் பதிப்பகத்தின் 'டேர்டெவில்' காமிக்ஸ் தொடருக்கு அவர் ஓவியராக மட்டுமே வந்தார். கதை எழுதியவர் ரோஜர் மெக்கென்சி. 1981இல் 168ஆம் இதழிலிருந்து எழுத்தும் மில்லர் கைக்கு வந்தது. எலெக்ட்ரா என்ற புகழ்பெற்ற கதாபாத்திரம் அறிமுகமானது அந்த இதழில்தான். அடுத்து 1983இல் 'ரோனின்', 1986இல் பேட்மேன் கதையான 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' என்று கிராஃபிக் நாவல்களையும் எழுதி வரைந்தார்.

வரையத் தெரிந்ததுதான் அவருடைய எழுத்தின் பெரிய பலம் என்பேன். எங்கே வசனம் வேண்டாம் என்பது கதையை யோசிக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. 'டார்க் நைட்'டில் பக்கத்துக்கு 16 கட்டங்கள் என்ற நெருக்கமான அமைப்பில் நம்மை நகர்த்திச் சென்று, திடீரென ஒரே படத்தால் முழுப் பக்கத்தையும் நிரப்புவார். எவ்வளவு நல்ல வசனமும் அந்த அதிர்ச்சியைத் தராது! எழுத விரும்பும் ஓவியர்கள் முதலில் அந்தப் பக்கங்களைப் படியுங்கள்.