உயரத்துக்காகக் குதிரை இனத்தைக் கலக்கலாமா?

கேள்வி: பவானி பக்கத்தில் விவசாயம் செய்கிறேன். அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய மார்வாரி பெண் குதிரை ஒன்று இருக்கிறது. வயது 5, உயரம் 58 அங்குலம். இதுவரை குட்டி போட்டதில்லை. உள்ளூரில் இரண்டு பொலிக்குதிரைகள் கிடைக்கின்றன. ஒன்று பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தரோபிரெட், 65 அங்குலம். இன்னொன்று மார்வாரி. ஆனால் அதற்கும் என் குதிரைக்கும் தகப்பன் ஒன்றே என்கிறார்கள். உயரமான குட்டிக்குத்தான் இப்போது விலை. எதனுடன் சேர்க்கலாம்? கோ-4 புல், தவிடு, கொள்ளு கொடுக்கிறேன்.

பதில்: இரண்டுமே வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் குதிரைக்கு வயது 5 தான். நல்ல ஆண் குதிரைக்காக ஒரு வருடம் காத்திருப்பதில் நட்டம் எதுவும் இல்லை.

முதலில் அந்த மார்வாரி. தகப்பன் ஒன்று, தாய் வேறு என்றால் பிறக்கும் குட்டியின் உள்ளினக் கலப்பு, அதாவது ஒரே மூதாதையின் மரபணு இரண்டு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு, 12.5 சதவீதம். தாத்தாவிடம் மறைந்து கிடந்த குறை இரண்டு பக்கமும் இறங்கி வந்து குட்டியில் வெளிப்பட வாய்ப்பு கூடுகிறது. ஆட்டு மந்தையில் கிடாவை எதற்கு மாற்றுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கேயும் அதே கணக்குதான்.

தரோபிரெட் விஷயம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது. மார்வாரி, ராஜஸ்தானின் மார்வார் பகுதியில் ரத்தோர் அரசர்கள் காலத்தில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவான இனம். உள்ளூர் மட்டக்குதிரையோடு அரபுக் குதிரையின் ரத்தமும் அதில் கலந்திருக்கிறது. கெட்டியான குளம்பு, ‘ரேவால்’ என்கிற குலுக்காத நடை, நுனியோடு நுனி சேரும்படி உள்நோக்கி வளைந்த காது எல்லாம் அப்படி நிலைபெற்றவை. குதிரைப்படைகளின் காலம் முடிந்ததும் இந்த இனம் சரிந்தது. 1930களில் ஜோத்பூர் மகாராஜா உமைத் சிங் நல்ல ஆண் குதிரைகளைத் தேடிச் சேர்த்து வளர்த்ததில் மீண்டது. தரோபிரெட்டின் கதை வேறு. இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட மூன்று ஆண் குதிரைகளிடம்தான் இன்றுள்ள எல்லா தரோபிரெட்டின் ஆண்வழியும் போய் முடிகிறது. அதிலும் சுமார் 95 சதவீதம் டார்லி அரேபியன் என்ற ஒரே குதிரையின் வழி. அங்கே பார்த்தது ஓட்டம் ஒன்றைத்தான்.

இரண்டையும் சேர்த்தால் குட்டி உயரமாக வரலாம், பார்க்கவும் நன்றாக இருக்கலாம். ஆனால் காது வளைவும் நடையும் தளர்ந்துபோகும். அந்தக் குட்டியை மேற்கொண்டு பெருக்கினால் ஒன்று தாயைப் போல, ஒன்று தகப்பனைப் போல என்று சிதறும். மார்வாரி பதிவேட்டில் அதற்கு இடமில்லை. கலப்பு என்று சொல்லி விற்றால் தவறில்லை. மார்வாரி என்று சொல்லி விற்றால் வாங்குபவர் ஏமாறுவதோடு, நாலைந்து தலைமுறையில் நம் பக்கத்தில் சுத்தமான மார்வாரியே இல்லாமல் போகும். எனக்குப் பெரிய கவலை இதுதான்.

சந்தைக்குப் பிடித்த ஒரு குணத்தையே துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். 1969-இல் பிறந்த இம்ப்ரெசிவ் என்ற, குவார்ட்டர் இனத்து ஆண் குதிரைக்குத் தசைகள் செதுக்கியது போல இருக்கும். கண்காட்சிகளில் அந்த உடம்புக்கே பரிசு கிடைத்தது. அதனால் ஏராளமான பெண் குதிரைகளை அதனிடம் கொண்டுபோனார்கள். பிறகுதான், அதன் வழிவந்த குதிரைகளில் பல உடம்பு நடுங்கி, தசை செயலிழந்து விழுவது தெரிந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும் பரம்பரை நோய் அது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து அந்த மரபணு வந்தாலே போதும். இரண்டு பக்கமும் அதைப் பெற்ற குட்டிகளைப் பதிவு செய்வதில்லை என்று 2007 முதல் அங்குள்ள குவார்ட்டர் குதிரைச் சங்கம் முடிவெடுத்தது. ஒரு பெண் குதிரை வாழ்நாளில் பத்துக் குட்டி போட்டாலே அதிகம். ஆண் குதிரைக்கோ நூற்றுக்கணக்கில் பிறக்கும். அதனால் இனம் மாறுவது பெரும்பாலும் ஆண் வழியாகத்தான்.

சரி, உயரம். 1938-இல் இங்கிலாந்தில் வால்டன், ஹாமண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மிகப்பெரிய ஷையர் குதிரையையும் மிகச்சிறிய ஷெட்லாண்டையும் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தார்கள். இரு வகைக் குட்டிக்கும் ரத்தம் பாதிக்குப் பாதிதான். ஆனால் ஷையர் தாய்க்குப் பிறந்தது பெரிதாகவும், ஷெட்லாண்ட் தாய்க்குப் பிறந்தது சிறிதாகவும் இருந்தது. வளர்ந்த பிறகும் அந்த வித்தியாசம் முழுக்க மறையவில்லை. ஆகவே 65 அங்குலத் தகப்பனைப் பிடித்தாலும் 58 அங்குலத் தாயின் கருப்பை தன் அளவைக் காட்டும். 60, 61 அங்குலத்தில் கால் நேரான மார்வாரி ஆண் உங்களுக்குப் போதும்.

ஆண் குதிரையைப் பார்க்கப் போகும்போது அதன் குட்டிகளையும் பாருங்கள். உங்கள் குதிரையின் குறையை முதலில் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முழங்கால் உள்வாங்கியிருந்தால் ஆணுக்கும் அதே குறை இருக்கக் கூடாது. முன்கோபம், கடிக்கும் பழக்கம் உள்ளதைத் தவிருங்கள். தாய், தகப்பன், தாத்தா விவரம் கேளுங்கள். கிளாண்டர்ஸ் நோய்க்கும், குதிரைகளுக்கு வரும் தொற்று ரத்தசோகைக்கும் ரத்தப் பரிசோதனை செய்த சான்றில்லாமல் சேர்க்க வேண்டாம். நிறமும் சுழியும் வாங்குபவர் நம்பிக்கை, அதில் நான் குறுக்கிடவில்லை. ஆனால் சுழி சரியில்லை, கறுப்பு ஆகாது என்று நல்ல கால், நல்ல குணம் உள்ள குதிரைகளைக் கழித்துவிட்டு, மூக்கு சிவந்த வெள்ளைக் குதிரையையே எல்லோரும் தேடினால் இனத்தின் அடித்தளம் சுருங்கும். அந்த இளஞ்சிவப்புத் தோலும் நம் வெயிலில் வெந்துபோகும். பிறப்பது ஆண்குட்டியாகி, தரம் சுமார் என்றால் பொலிக்கு வைக்காமல் காயடித்து சவாரிக்குப் பழக்குங்கள்.

பருவ சுழற்சி 21 நாள், சூடு 5 முதல் 7 நாள். கரு முட்டை கடைசி ஓரிரு நாளில்தான் வெளியாகும். ஆகவே மூன்றாம் நாளிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் சேர்க்கலாம். 14 முதல் 16 நாளுக்குள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ ஸ்கேன் வசதியுள்ள மருத்துவரிடமோ காட்டிவிடுங்கள். குதிரைக்கு இரட்டைக் கரு தங்குவது ஆபத்து, அந்த நாளில் தெரிந்தால் ஒன்றை நீக்கிவிடலாம். சினைக்காலம் சுமார் 11 மாதம்.

இப்போதே மாற்ற வேண்டியது தீவனம். 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே உயர்ந்த குதிரைகளைச் சேர்த்தாலும் கால் கோணிய குட்டிதான் பிறக்கிறது என்றும், குதிரைக்குச் சோறு போடுகிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். சுண்ணாம்புச்சத்து போதாமையும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் குறைவு. கோ-4 புல்லில் உள்ள ஆக்சலேட் என்ற வேதிப்பொருள், இருக்கும் கால்சியத்தையும் கட்டிவிடும். இரண்டும் சேர்ந்தால் தாயின் எலும்பும் குட்டியின் எலும்பும் பலவீனப்படும். தவிட்டைப் பாதியாகக் குறையுங்கள். கோ-4-இல் ஒரு பங்கை எடுத்துவிட்டு குதிரைமசால், காய்ந்த சோளத்தட்டை கொடுங்கள். மருத்துவரிடம் கேட்டு தாது உப்புக் கலவை சேர்த்துக்கொள்ளுங்கள். கொள்ளு அப்படியே இருக்கட்டும், ஊறவைத்துக் கொடுங்கள். மாட்டுக்கு வெட்டும் சூபாபுல் தழையை மட்டும் குதிரைக்குப் போட்டுவிடாதீர்கள், பிடரியும் வாலும் உதிர்ந்துவிடும்.