டிரிட்டியத்தில் அளந்து சூரியனில் போடும் எண்: கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: ஓர் அணுக்கரு வினையை அளந்து இன்னொன்றைக் கணிக்க எஃபெக்டிவ் ஃபீல்டு தியரி (குறைந்த ஆற்றலில் உள் விவரங்களைச் சில எண்களுக்குள் அடக்கிக் கணக்கிடும் முறை) எப்படி உதவுகிறது?

கே: சூரியனில் இரண்டு புரோட்டான்கள் இணையும் வேகத்தை ஆய்வகத்தில் அளந்ததே இல்லையாமே, உண்மையா ஐயா?

ப: உண்மைதான். இரண்டும் சேர்ந்து டியூட்ரான் (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த அணுக்கரு) ஆக வேண்டுமானால், நெருங்கியிருக்கும் அந்தக் கணத்திலேயே ஒன்று நியூட்ரானாக மாற வேண்டும். அது மென்விசையின் (weak force) வேலை; புரோட்டானும் நியூட்ரானும் ஒன்று மற்றொன்றாக மாறுவது இந்த விசையால்தான். மிக அரிதாகவே நடக்கும். சூரிய மையத்தில்கூட ஒரு புரோட்டான் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்கிறது. இயற்பியலாளர்கள் பெத்தேயும் கிரிட்ச்ஃபீல்டும் 1938-லேயே இதைக் கணக்கிட்டார்கள். இன்றும் நம் கையில் இருப்பது கணக்குதான்.

கே: அளக்காத ஒன்றை எந்த நம்பிக்கையில் பயன்படுத்துகிறீர்கள்?

ப: அங்கே புரோட்டான்கள் மோதும் ஆற்றல் சில கிலோ எலக்ட்ரான்வோல்ட்தான். அவ்வளவு குறைந்த ஆற்றலில், புரோட்டானின் உள்ளே இருக்கும் குவார்க்குகள் என்ற சிறு துகள்கள் செய்வதெல்லாம் தனித்தனியாக வெளியே தெரியாது. சில எண்களுக்குள் அடங்கிவிடும். 1990-களின் தொடக்கத்தில் இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பர்க் அணுக்கருவுக்கு இந்த வழியைத் திறந்துவைத்தார். நமக்கு வேண்டிய எண், நெருங்கி நிற்கும் இரண்டு நியூக்ளியான்களை (புரோட்டான், நியூட்ரான் இரண்டுக்கும் பொதுப் பெயர்) மென்விசை சேர்த்துத் தொடும் வலிமை. எந்த வினை நடந்தாலும் அது மாறாது. டிரிட்டியம் என்பது ஒரு புரோட்டானும் இரண்டு நியூட்ரான்களும் கொண்ட ஹைட்ரஜன்; அதன் பீட்டா சிதைவிலும், அதாவது ஒரு நியூட்ரான் மென்விசையால் புரோட்டானாக மாறும்போதும், அதே எண் வருகிறது. டிரிட்டியத்தின் அரை ஆயுளோ, சுமார் 12.3 ஆண்டு, துல்லியமாக அளக்கப்பட்டது. அதிலிருந்து எண்ணை எடுத்துச் சூரியக் கணக்கில் போடுகிறோம். பிழை ஒன்றிரண்டு சதவீதம். எனக்கு இன்றும் வியப்பு தீராத இடம் இது.

கே: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது போலவா?

ப: நல்ல உவமை. ஆனால் டிரிட்டியத்தில் மூன்று நியூக்ளியான்கள் இருப்பதால், மூன்றுக்கும் இடையிலான விசையும் கணக்கில் வரும். அந்த விசையின் ஒரு பகுதியையும் இதே எண்தான் தீர்மானிக்கிறது. அந்த விசையையும் இந்த எண்ணையும் இணைக்கும் சூத்திரத்தில் கவனம் தேவை: 2009-இல் வந்த ஒரு முக்கியமான கட்டுரையில் −1/4 என்ற காரணி விடுபட்டிருந்தது, திருத்தம் 2019-இல்தான் வந்தது.

கே: சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய இதனால் பயன் உண்டா?

ப: நிறைய. கனடாவின் சட்பரி ஆய்வகத்தில் 1,000 டன் கனநீரில் (ஹைட்ரஜனின் அணுக்கரு டியூட்ரானாக இருக்கும் நீர்) நியூட்ரினோக்கள் டியூட்ரானை உடைத்தன. எத்தனை உடையும் என்ற கணக்கிலும் அதே எண் உண்டு.

கே: மூன்று நியூக்ளியான் சிக்கலே இல்லாமல் அந்த எண்ணை எடுக்க முடியாதா?

ப: முடியும். டியூட்ரான் ஒரு மியூவானை (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்) விழுங்கும் வேகத்தை அளந்தால் போதும். அதில் இருப்பது இரண்டே நியூக்ளியான்கள். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் மியூசன் ஆய்வு இதற்காகவே அமைக்கப்பட்டது. டிரிட்டியம் தரும் எண்ணும் மியூவான் தரும் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் இந்தக் கோட்பாட்டுக்கு உண்மையான சோதனை.