மூத்தவன் என்பதற்காகவா கம்ப்யூட்டர் சயின்ஸ்?

போன வாரம் குடியாத்தத்திலிருந்து என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு ஒரு அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த பையன் வந்தார்கள். "மூத்தவன் சார், இவன் தலையெடுத்தால்தான் குடும்பம்" என்றார் அப்பா. பேங்கில் இருக்கும் சித்தப்பா சொல்லிவிட்டாராம், வீட்டுப் பத்திரத்தை வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடு என்று.

அப்படியே சேருங்கள் என்று தைரியம் சொல்லி அனுப்பத்தான் நினைத்தேன், அப்பாவின் கதையைக் கேட்டதும் மனசு ஒப்பவில்லை. அவரும் மூத்தவர்தான். பத்தாவதோடு தறியில் உட்கார்ந்து லுங்கி நெய்த காசில்தான் அந்தத் தம்பி ஊரிசு கல்லூரியில் படித்தார். வட ஆற்காட்டில் எத்தனையோ வீடுகளில் இதுதான் நடந்தது: மூத்தவன் தறிக்கோ தோல் ஷாப்புக்கோ, நடுப்பிள்ளை பட்டாளத்துக்கு, மூத்த பெண் பீடி முறத்தோடு திண்ணையில், கடைக்குட்டி காலேஜுக்கு. கடைக்குட்டிக்கு மூளை அதிகம் என்றில்லை, அவன் காலேஜ் வயதுக்கு வரும்போது வீட்டில் இரண்டு சம்பளம் வந்தது, அவ்வளவுதான். நார்வேயில் 2005-இல் வெளியான ஆய்வில் நேர்மாறாக மூத்த பிள்ளைகளே அதிகம் படித்திருந்தார்கள். ஆக, மூத்தவன் என்பதிலேயே எந்தத் தொழிலும் எழுதியிருக்கவில்லை.

பையன் போனில் ஒரு போட்டோ காட்டினான். பாட்டிக்குச் சர்க்கரைப் புண், கட்டைவிரலுக்குக் கீழே. செருப்பில் அந்த இடத்தை மட்டும் பிளேடால் குழித்து, ஓரம் உறுத்தாமல் இருக்க உப்புத்தாளால் தேய்த்திருக்கிறான்.

அவர்களிடம் சொன்னேன்: இதையே முறையாகக் கற்றுத்தரும் பட்டப்படிப்பு உங்கள் பக்கத்திலேயே, வேலூர் சி.எம்.சி.யில் இருக்கிறது: புராஸ்தெடிக்ஸ் அண்ட் ஆர்த்தோடிக்ஸ். செயற்கைக் கை கால், பலமில்லாத காலைத் தாங்கும் காலிப்பர், உணர்ச்சி மரத்த பாதத்துக்கான எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு எல்லாம் இதில் வரும். காலை இழந்தவருக்கு மீதியுள்ள பகுதியில் மாவுக்கட்டு போட்டு அச்செடுத்து, அதில் மாவு ஊற்றி வார்த்த உருவில் எலும்பு முட்டும் இடத்துக்கு இடம்விட்டு, தசை தாங்கும் இடத்தில் செதுக்கி, பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அதன்மேல் போர்த்தி, காலின் மீதிப் பகுதி உள்ளே பொருந்தும் சாக்கெட் செய்வார்கள். அப்புறம் அவரை நடக்கவிட்டுப் பார்த்து, செயற்கைக் காலின் சாய்வைத் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும். பயிற்சியோடு நாலரை வருடம், முடித்ததும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு. சி.எம்.சி.யில் இடம் மிகக் குறைவு, அதனால் கட்டாக் பக்கம் ஒலட்பூரில் உள்ள மத்திய அரசு நிறுவனத்துக்கும் விண்ணப்பியுங்கள்.

வீட்டுப் பத்திரத்தைத் தொடாதீர்கள். பத்தாவது படிக்கும் தங்கைக்கும் அதில் பங்கு உண்டு, அவள் படிப்பை எடுத்து அண்ணனுக்குக் கொட்ட வேண்டாம். சித்தப்பா கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள், நானே பேசுகிறேன்.