அமெரிக்க டைவிங் வீரர் கிரெக் லூகானிஸ் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: சியோல் ஒலிம்பிக்கில் அவ்வளவு பெரிய வீரருக்குப் பலகையில் தலை எப்படி இடித்தது?

பதில்: ரிவர்ஸ் டைவில் உடல் முன்னால் எம்ப வேண்டும், குட்டிக்கரணம் மட்டும் பலகையை நோக்கிப் பின்பக்கமாகச் சுற்றும். வெளியே தள்ளிப் போகாமல் நேர் மேலே எழும்பினால், இறங்கும்போது தலைக்குக் கீழே பலகைதான் இருக்கும். 1988 தகுதிச் சுற்றில், ஒன்பதாவது டைவில் நடந்தது அதுதான். தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்து மீதி டைவுகளை முடித்தார், மறுநாள் தங்கமும் வாங்கினார். இதைப் படித்துவிட்டு யாரும் பயிற்சியாளர் இல்லாமல் ரிவர்ஸ் பழக வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: ஒலிம்பிக்கில் மொத்தம் எத்தனை பதக்கம்?

பதில்: 4 தங்கம், 1 வெள்ளி. வெள்ளி 1976 மாண்ட்ரியலில், 16 வயதில். 1980 மாஸ்கோவை அமெரிக்கா புறக்கணித்ததால் அவர் போகவில்லை.

கேள்வி: எச்ஐவி இருப்பதை மறைத்துக் குளத்தில் இறங்கியது குற்றம் இல்லையா?

பதில்: சியோலுக்குச் சுமார் ஆறு மாதம் முன்புதான் அவருக்கே தெரியும், வெளியே சொன்னது 1995-ல். அவ்வளவு பெரிய குளத்தில், குளோரின் கலந்த தண்ணீரில், சிறிது ரத்தத்தால் இன்னொருவருக்குத் தொற்றாது, யாருக்கும் தொற்றவும் இல்லை. கையுறை இல்லாமல் தையல் போட்ட மருத்துவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்தும்கூட. அந்த மருத்துவருக்கும் தொற்று இல்லை என்று பிறகு பரிசோதனையில் தெரிந்தது.

கேள்வி: அதே குளத்தில் குதித்த மற்றவர்கள் கதி?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: சியோலில் 10 மீட்டர் மேடைப் போட்டியில் 14 வயது சீன வீரர் சியோங் நியிடமிருந்து தங்கத்தை நடுவர்கள் பறித்துக் கொடுத்தார்கள் என்கிறார்களே?

பதில்: கணக்கைப் பாருங்கள். அன்று ஏழு நடுவர்கள். உச்சத்தில் ஒன்றையும் அடியில் ஒன்றையும் நீக்கி, மிச்சம் ஐந்தைக் கூட்டி, டைவின் கடினத்தன்மை எண்ணால் பெருக்கி, அதில் ஐந்தில் மூன்று பங்கு எடுப்பார்கள். கடைசி டைவுக்கு முன் லூகானிஸ் பின்தங்கியிருந்தார். எடுத்ததோ மூன்றரைச் சுற்று ரிவர்ஸ், கடினத்தன்மை 3.4. 1983-ல் எட்மண்டனில் சோவியத் வீரர் செர்கேய் சாலிபாஷ்விலி தலை இடித்து உயிரிழந்தாரே, அதே டைவ். 86.70 கிடைத்தது, முடிவு 638.61க்கு 637.47. அந்த 1.14 அவர் துணிந்து எடுத்த டைவுக்கான கூலி.

கேள்வி: ஆனால் சியோங் நி தண்ணீரில் இறங்கியது சுத்தமாக இருந்ததே, கடினமான டைவுக்காகவே கூடுதல் மதிப்பெண்ணா?

பதில்: ஆமாம், விதியே அப்படித்தான். இறங்குவதை மட்டும் பார்ப்பதாக இருந்தால் எல்லோரும் எளிய டைவையே எடுப்பார்கள். சியோங் நியின் ரசிகன்தான் நானும். 1996லும் 2000லும் 3 மீட்டர் பலகையில் தங்கம் வாங்கியவர் அவர்.

கேள்வி: என் பையன் கிணற்றில் நன்றாகப் பல்டி அடிப்பான். ரிவர்ஸ் பழகலாமா?

பதில்: மறுபடியும் சொல்கிறேன், வேண்டாம். ஆழம் தெரியாத தண்ணீரில் தலைகீழாகக் குதித்தால் கழுத்தெலும்பு முறியும். டைவிங் குளமும் பயிற்சியாளரும் உள்ள இடத்தில் சேருங்கள். முதலில் டிராம்போலினில், இடுப்பில் பெல்ட் கட்டித்தான் பழக்குவார்கள்.

கேள்வி: குளத்தில் ரத்தம் கலந்ததே, அது...

பதில்: மூன்றாவது கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.