‘இண்ட்’ என்றால் இந்தியா இல்லை

கேள்வி: வணக்கம் அம்மா. திருமணத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் குடியேறியிருக்கிறேன். கணவர் இந்த நாட்டுக்காரர். அவருடைய முன்னோர் அப்போது லங்காஷயரில் இருந்த ஓல்டாம் நகரைச் சேர்ந்தவர்கள். மகளுக்காக அந்தக் குடும்பத்தின் வரலாற்றைத் தொகுத்து வருகிறேன். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பம் கிடைத்துவிட்டது, ஆனால் தொழில் கட்டத்தில் இருப்பதைப் படிக்க முடியவில்லை. குடும்பத் தலைவரின் வேலை ‘அயர்ன்’ என்று தொடங்குகிறது. மிச்சத்தின் மேல் யாரோ கோடு போட்டு அடித்திருக்கிறார்கள். வேலை போய்விட்டதா? 17 வயது மகளை இணையதளம் ‘கார்ட்டர்’, அதாவது வண்டிக்காரர் என்கிறது. 11 வயதுப் பையன் ‘ஹாஃப் ட்யூனர்’ என்று தெரிகிறது. பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவனா? கூடவே இருந்த அத்தை ‘ட்ரெஃப்ஸ்மேக்கர்’. மனைவிக்கு ஒன்றுமே எழுதவில்லை. 1841 தாளில் குடும்பத் தலைவரின் பாட்டிக்கு ‘இண்ட்’ என்று போட்டிருக்கிறது. இந்தியத் தொடர்பு ஏதாவது இருக்குமா என்று என் மாமனார் ஆசையாகக் கேட்கிறார்.
– ஒரு வாசகி, லெஸ்டர்

பதில்: மாமனாரின் ஆசையை முதலிலேயே கெடுத்துவிடுகிறேன். ‘இண்ட்’ என்பது இண்டிபெண்டன்ட் என்பதன் சுருக்கம். 1841இல் கணக்கெடுக்கப் போனவர்களுக்குச் சில சுருக்கங்களை அரசே சொல்லிக் கொடுத்திருந்தது. விவசாயக் கூலிக்கு ‘ஏஜி லேப்’, வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு ‘எஃப்.எஸ்.’, ஆணுக்கு ‘எம்.எஸ்.’, தொழில் எதுவும் பார்க்காமல் கையில் இருப்பதை வைத்துக் காலம் தள்ளுபவருக்கு ‘இண்ட்’. அதைப் பார்த்துப் பாட்டியைப் பெரிய சொத்துக்காரி ஆக்கிவிடவும் வேண்டாம். ஒரு சின்ன வீட்டு வாடகை வந்தாலும் ‘இண்ட்’தான். அந்த வருடத் தாளில் பக்கத்துக் கட்டம் ஒன்றில் ‘ஐ’ என்று ஒற்றை எழுத்து இருந்தால் அது பிறந்த இடம், அயர்லாந்து என்று பொருள். அதுவும் இந்தியா இல்லை. இன்னொன்று, 1841இல் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்தே எழுதினார்கள். பாட்டிக்கு 60 என்று இருந்தால் 64 வரை எதுவாகவும் இருக்கலாம். எழுதியது பென்சிலில் என்பதால் படம் மங்கலாக இருப்பதும் உங்கள் கண்ணின் கோளாறு அல்ல.

சரி, 1881க்கு வருவோம். நீங்கள் அந்தந்தச் சொல்லை மட்டும் வெட்டி எடுத்துப் படமாக அனுப்பியிருக்கிறீர்கள். எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், இதனால்தான் படிக்க முடியாமல் போகிறது. நல்லவேளையாகத் தாளின் குறிப்பு எண்ணையும் எழுதியிருந்தீர்கள். முழுப் பக்கத்தையும், முன்னும் பின்னும் சில பக்கங்களையும் எடுத்துப் பார்த்தேன். இனி யாரிடம் உதவி கேட்டாலும் முழுப் பக்கத்தை அனுப்புங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம் கொடுத்து, அதை வாங்கிவந்து, கணக்கெடுப்பாளர் தன் கையால் ஒரு புத்தகத்தில் நகல் எடுப்பார். நீங்கள் பார்ப்பது அந்தப் புத்தகத்தின் பக்கம். வீட்டார் எழுதிய படிவங்களைப் பிறகு அழித்துவிட்டார்கள். ஆக, உங்கள் வீட்டுப் பெரியவரின் கையெழுத்து அதில் இல்லை. ஆனால் பக்கம் முழுவதும் ஒரே ஆளின் கை என்பது நமக்கு லாபம். ஒரு சொல்லில் புரியாத எழுத்தை அவர் வேறொரு சொல்லில் எப்படிப் போட்டிருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் 17 வயதுப் பெண்ணுக்கு இதையே செய்தேன். கடைசிக் கட்டம் பிறந்த ஊர். அந்தப் பக்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு ஓல்டாம் என்றுதான் இருக்கிறது. அந்தச் சொல்லின் நடுவில் வரும் ‘d’ எழுத்தை இவர் வயிறு வைத்துப் போடுகிறார், தண்டின் தலையை இடப்பக்கம் சுருட்டிவிடுகிறார். தொழில் கட்டத்தில் ‘காட்டன்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. அதன் நடுவில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ‘t’ எழுத்துகளுக்கு வயிறு கிடையாது, இரண்டுக்கும் சேர்த்து ஒரே குறுக்குக்கோடு இழுக்கிறார். இப்போது உங்கள் பெண்ணின் சொல்லைப் பாருங்கள். வயிறு இருக்கிறது, தலை சுருண்டிருக்கிறது, குறுக்குக்கோடு இல்லை. அது ஓல்டாமின் எழுத்து, காட்டனின் எழுத்து அல்ல. எனவே கார்ட்டர் (carter) இல்லை, கார்டர் (carder). அதற்கு முன்னால் இரண்டெழுத்தில் ஒரு கிறுக்கல் இருக்கிறதே, அது ‘டூ’, டிட்டோ என்பதன் சுருக்கம், ‘மேலே உள்ளபடி’. மேல் வரியில் காட்டன் என்று இருப்பதால் இவள் காட்டன் கார்டர். பஞ்சைச் சீவி இழையை ஒருமுகப்படுத்தும் கார்டிங் பகுதியில் வேலை. நூற்பாலைகளில் பதின்வயதுப் பெண்கள் நிறைய இருந்தார்கள். குதிரைவண்டி ஓட்டும் 17 வயதுப் பெண்ணைவிட இது ஆயிரம் மடங்கு இயல்பு.

உங்கள் சொந்தக்காரர்களில் கோயம்புத்தூர்ப் பக்கம் மில்லில் வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் இந்தப் பக்கங்களை அவரிடம் காட்டுங்கள். கார்டிங், ரீலிங், வைண்டிங், டாஃபர் என்று ஓல்டாம் தாளில் இருக்கும் சொற்கள் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கணவர் வீட்டாரைவிட அவர் வேகமாகப் படித்துவிடுவார்!

அடுத்து அந்தப் பையன். இது எனக்கு ரொம்பவும் பிடித்த சிக்கல். ‘ட்யூனர்’ என்பதிலும் ‘டைமர்’ என்பதிலும் முதல் எழுத்தும் கடைசி இரண்டும் ஒன்றே. நடுவில் ஒன்றில் ‘யூ’, ‘என்’. மற்றதில் ‘ஐ’, ‘எம்’. அவசரக் கையெழுத்தில் ‘யூ’வுக்கு இரண்டு கால், ‘என்’னுக்கு இரண்டு கால். ‘ஐ’க்கு ஒன்று, ‘எம்’முக்கு மூன்று. எப்படிக் கூட்டினாலும் நாலு கால்தான். வித்தியாசம் ‘ஐ’யின் தலையில் வைக்கும் புள்ளி ஒன்று மட்டுமே. இந்த ஆள் புள்ளியை நேர் மேலே வைப்பதில்லை, அடுத்த எழுத்தின் மேல் தள்ளி வைக்கிறார் (வில்லியம் என்ற பெயர் வரும் இடங்களில் பாருங்கள்). பையனின் சொல்லிலும் வலப்பக்கம் தள்ளி ஒரு புள்ளி இருக்கிறது. ஆக அவன் ‘ஹாஃப் டைமர்’.

பியானோ போய், அதற்குப் பதில் வந்தது என்ன தெரியுமா? பாதி நாள் மில், பாதி நாள் பள்ளிக்கூடம். 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 8 வயதுக் குழந்தையையே இப்படி அரைநாள் வேலைக்கு வைக்க அனுமதித்தது. 1870களில் அந்த வயதை 10 ஆக்கினார்கள், 1890களில் 11, பிறகு 12. உங்கள் பையனுக்கு 1881இல் 11 வயது, சட்டப்படியே சரியாகப் பொருந்துகிறது. மகளிடம் இதைச் சொல்லும்போது அவன் வயதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அத்தையின் ‘ட்ரெஃப்ஸ்மேக்கர்’ விஷயம் எளிது. அந்தக் காலத்தில் ஒரு சொல்லில் ‘எஸ்’ இரட்டையாக வந்தால் முதலாவதை நீட்டி, கீழே வால் விட்டு எழுதுகிற வழக்கம் பலருக்கு இருந்தது. நம் கண்ணுக்கு அது ‘எஃப்’ போலத் தெரியும். அது ட்ரெஸ்மேக்கர், தையல்காரி. மிஸ், கிளாஸ், லாண்ட்ரெஸ் எல்லாவற்றிலும் இதே ஏமாற்று வேலை நடக்கும்.

இனி குடும்பத் தலைவர். வேலை போகவில்லை, கவலை வேண்டாம். அந்தக் கோட்டைப் போட்டவர் கணக்கெடுப்பாளரே அல்ல. புத்தகங்கள் லண்டன் அலுவலகத்துக்குப் போனதும் அங்கே குமாஸ்தாக்கள் தொழில்வாரியாக எண்ணினார்கள். எண்ணி முடித்த வரிக்கு ஒரு டிக், ஒரு சாய்கோடு, சில இடத்தில் அவர்களுடைய வகைப் பெயரையே குறுக்கே எழுதிவிடுவார்கள். நூறு வருடம் கழித்து ஒரு மருமகள் உட்கார்ந்து படிப்பாள் என்று அவர்கள் நினைத்தார்களா என்ன! படத்தைப் பெரிதாக்கி, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தால் கோட்டின் கருமையும் எழுத்தின் கருமையும் வேறுவேறாகத் தெரியும். கோட்டுக்கு அடியில் முதல் எழுத்தின் கூரையும், நடுவில் ‘ஆர்’ எழுத்தின் சின்னக் கொக்கியும் பிழைத்திருக்கின்றன. அயர்ன் டர்னர். ஐடிஐயில் டர்னர் ட்ரேட் இருக்கிறதே, அதே வேலைதான். லேத்தில் இரும்பைக் கடைபவர்.

‘அயர்ன் டின்னர்’, அதாவது இரும்புக்கு வெள்ளீயம் பூசுபவர் ஆகவும் இருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் முன்பின் பக்கங்களைப் பார்த்தேன். அதே தெருவில் அயர்ன் மோல்டர் இருக்கிறார், மெஷின் ஃபிட்டர் இருக்கிறார், தெளிவான எழுத்தில் இன்னொரு அயர்ன் டர்னரும் இருக்கிறார். ஓல்டாமில் நூற்பாலைகள் மட்டும் இல்லை, அந்த ஆலைகளுக்கு இயந்திரம் செய்த பட்டறைகளும் இருந்தன. பிளாட் பிரதர்ஸ் என்ற நிறுவனம் அங்கேதான் இருந்தது. ஜவுளி இயந்திரம் செய்வதில் உலகிலேயே பெரியது என்ற பெயர் அதற்கு. தெருவே அந்தத் தொழில் என்றால் டர்னர் என்ற வாசிப்பே முந்தி நிற்கும். ஆனால் இதை வைத்து ‘பிளாட் கம்பெனியில் வேலை பார்த்தார்’ என்று குடும்ப வரலாற்றில் எழுதிவிடாதீர்கள். தாளில் முதலாளி பெயர் இல்லை.

பலர் இதில் தலைகீழாகப் போவதைப் பார்க்கிறேன். சொல் புரியவில்லை என்றவுடன் பழைய தொழில்களின் பட்டியலைத் தேடி எடுத்து, இருப்பதிலேயே விசித்திரமான ஒன்றைப் பொருத்திப் பார்க்கிறார்கள். பட்டியல் கடைசியில் வரவேண்டியது. முதலில் எழுதியவரின் கை, பிறகு தெரு, பிறகு அந்த ஆளின் வயது. பருத்தி ஊரில் பருத்தி வேலையும், சுரங்க ஊரில் சுரங்க வேலையும்தான் பெரும்பாலும் விடையாக வரும். அதையெல்லாம் பார்த்த பிறகும் சொல் தெளிவாகத் தெரிந்து, பொருள் மட்டும் தெரியவில்லை என்றால் அப்போது பட்டியலைத் திறங்கள். 1921 கணக்கெடுப்பின் தொழில் வகைப்பாட்டை ஒட்டி 1927இல் அரசு ஒரு தொழிற்சொல் அகராதி வெளியிட்டது. மில்லுக்குள் யார் என்ன செய்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல துணையை நான் பார்க்கவில்லை. ‘டென்டர்’ போன்ற சொற்களுக்கு அது மிகவும் உதவும். லங்காஷயரில் அது இயந்திரத்தைக் கவனித்துக்கொள்பவர், ஒப்பந்தப்புள்ளி அல்ல.

இணையதளத்தின் அச்சு வாசிப்பை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1881 கணக்கெடுப்பைத் தன்னார்வலர்கள் மாய்ந்து மாய்ந்து எழுத்துப்பெயர்த்திருக்கிறார்கள், இலவசமாகவே தேடலாம். அவர்கள் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனாலும் நீங்கள் மூலப் படத்தைப் பார்த்தே தீர வேண்டும்.

மனைவியின் காலிக் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காலியாக இருப்பதால் அவர் சும்மா இருந்தார் என்று ஆகாது. 1841இல் மனைவிமாரின் தொழிலை எழுத வேண்டியதில்லை என்றே கணக்கெடுப்பாளர்களுக்குக் குறிப்புக் கொடுத்திருந்தார்கள். பின்னால் வந்த கணக்கெடுப்புகளிலும் துணி துவைத்துக் கொடுத்தது, வீட்டில் ஆள் தங்கவைத்துச் சோறு போட்டது போன்ற வேலைகள் பெரும்பாலும் ஏறவே இல்லை. உங்கள் பக்கத்திலேயே அதே வீட்டில் கடைசி வரியில் ‘லாட்ஜர்’ என்று ஒருவர் இருக்கிறார், கவனித்தீர்களா? அவருக்குச் சமைத்துப் போட்டது யார்?

இனி செய்ய வேண்டியது. 1871, 1891 தாள்களில் இதே குடும்பத்தை எடுங்கள். வேறு கணக்கெடுப்பாளர், வேறு கை. இங்கே மறைந்த எழுத்து அங்கே பளிச்சென்று தெரியலாம். 1891இல் முதலாளியா, தொழிலாளியா, இரண்டும் இல்லையா என்று தனிக் கட்டங்களும் உண்டு. 1837 ஜூலையிலிருந்து வந்த திருமணச் சான்றிதழில் மணமகனின் தொழிலோடு, மணமக்கள் இருவரின் தகப்பனார் தொழிலும் இருக்கும். அந்த 17 வயதுப் பெண்ணுக்குத் திருமணம் நடந்திருந்தால் அவள் சான்றிதழில் அயர்ன் டர்னரை இன்னொரு முறை பிடிக்கலாம்.

1911 வேறு மாதிரி. அந்த வருடம் வீட்டார் தாங்களே நிரப்பிய படிவம் அப்படியே இருக்கிறது. கணக்கெடுப்புத் தாள்களில் உங்கள் கணவரின் முன்னோரின் சொந்தக் கையெழுத்தை முதன்முதலில் அங்கேதான் பார்ப்பீர்கள். தொழிலுக்குப் பக்கத்தில் வேறு மையில் எண்கள் இருந்தால் குழம்ப வேண்டாம், அலுவலகம் போட்ட குறியீடு. 1921 தாளில் முதலாளியின் பெயரும் வேலை செய்த இடமும் கேட்டிருக்கிறார்கள். அந்த அரைநாள் பையனுக்கு அப்போது 51 வயது இருக்கும். 1931 தாள்கள் 1942இல் தீயில் போய்விட்டன, 1941இல் போரால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அதனால் 1921ஐ விட்டுவிடாதீர்கள். அவன் பெயரோடு பிறந்த ஊரையும் போட்டுத் தேடுங்கள். அதில் பிளாட் என்று இருந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.