பாரிசில் பீரோ தேடியவரின் பதில்கள்

ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு கற்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், அடிக்கடி வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் பாரிசுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. நான் பாடம் நடத்தும் ஆள் இல்லை, அடிபட்டுக் கற்ற ஆள்.

ஆங்கிலம் தெரிந்தால் பாதி பிரெஞ்சு தெரிந்த மாதிரி என்கிறார்களே?

சொற்களைப் பொறுத்தவரை ஓரளவு உண்மைதான். 1066-ல் வட பிரான்சின் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பல தலைமுறைக்கு அங்கே அரண்மனை மொழி பிரெஞ்சுதான். தொழுவத்தில் 'கவ்' ஆக நிற்கும் மாடு தட்டுக்கு வந்ததும் 'பீஃப்' ஆவது அதனால்தான். பிரெஞ்சில் அது 'பெஃப்'.

ஆனால் உருவம் ஒன்றாக இருந்து பொருள் மாறும் சொற்கள் காலை வாரும். 'லிப்ரேரி' என்றால் புத்தகக் கடை, நூலகத்துக்கு 'பிப்லியோதெக்'. 'மொனே' சில்லறை. 'லொகாசியோன்' வாடகைக்கு விடுவது. 'கொலேஜ்' என்பது 11 வயதிலிருந்து 15 வரையுள்ள பிள்ளைகளின் பள்ளி. மகன் கொலேஜ் சேர்ந்துவிட்டான் என்று ஊருக்குப் போன் செய்தேன். "பன்னிரண்டு வயசிலேயா?" என்று பெரியம்மா தெருவுக்கே சொல்லிவிட்டார்.

தமிழும் சில நேரம் ஏமாற்றும். வாடகை வீடு பார்க்கப் போன இடத்தில், படுக்கையறையில் 'பீரோ' உண்டா என்று கேட்டேன். பிரெஞ்சில் அது எழுதும் மேசை, இல்லையென்றால் அலுவலகம். வீட்டுக்காரம்மா வெகு அக்கறையாக ஒரு மேசையைக் காட்டினார். துணி அலமாரிக்கு 'ஆர்ம்வார்' என்று சொல்லவேண்டும்.

கடையில் 'சில் வூ ப்ளே' (தயவுசெய்து) என்று பணிவாகக் கேட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன்? (லியோனில் படிக்கும் மாணவி)

உள்ளே நுழைந்ததும் 'போன்ஜூர்' (வணக்கம்) சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆங்கிலத்தில் 'எக்ஸ்கியூஸ் மீ' என்று நேரே விஷயத்துக்கு வரலாம். இங்கே போன்ஜூர் இல்லாமல் பேச்சை ஆரம்பிப்பது செருப்புக் காலோடு வீட்டுக்குள் வருவதற்குச் சமம். பேருந்து ஓட்டுநர், லிஃப்டில் நிற்பவர், மருத்துவரிடம் காத்திருக்கும் முன்பின் தெரியாத நாலு பேர், எல்லோருக்கும் சொல்லுங்கள். பொழுது சாய்ந்தால் 'போன்சுவார்'. கிளம்பும்போது 'போன் ஜூர்னே'.

ஒரு நுணுக்கம்: அதே ஆளை அதே நாளில் மறுபடி பார்த்தால் இன்னொரு போன்ஜூர் வேண்டாம். காலையில் பார்த்ததையே மறந்துவிட்டீர்கள் என்று ஆகிவிடும். அப்படி வாய்தவறினால் 'ர-போன்ஜூர்' என்று சிரித்துச் சமாளிக்கலாம்.

அப்புறம், உணவகத்தில் பரிமாறுபவரை 'கார்சோன்' (பையா) என்று கூப்பிடாதீர்கள். அந்தக் காலம் போய்விட்டது. குடிக்க 'யூன் கராஃப் தோ' (ஒரு கூஜா தண்ணீர்) கேளுங்கள்; குழாய்த் தண்ணீர்தான், காசில்லை.

'து' எப்போது, 'வூ' எப்போது?

நீ, நீங்கள் இருப்பதால் நமக்கு இது புதிதில்லை, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்தான் திண்டாடுவார். ஆனால் நம் கணக்கை அப்படியே கொண்டுவரக் கூடாது. இங்கே பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் அப்பாவையும் தாத்தாவையும் 'து' என்றுதான் அழைக்கிறார்கள். ஜெபத்தில் கடவுளும் 'து'தான் (நாமும் முருகனை நீ என்றுதானே கூப்பிடுகிறோம்). அதே சமயம் காபி கொண்டுவரும் இளைஞருக்கு 'வூ'. நம் ஊர் டீக்கடைப் பழக்கம் இங்கே செல்லாது. அலுவலகத்தில் அவர்களாக 'து' என்று பேசச் சொல்லும்வரை பொறுங்கள். 'து'வுக்கு வந்தபின் திடீரென்று 'வூ' போட்டால் ஏதோ மனத்தாங்கல் என்று எடுத்துக்கொள்வார்கள்.

தொலைபேசி எண் சொன்னால் தலை சுற்றுகிறது.

70 என்பது அறுபது-பத்து, 80 நான்கு-இருபது, 97 நான்கு-இருபது-பதினேழு. எண்ணை இரண்டிரண்டு இலக்கமாக வேறு சொல்வார்கள். 'சுவாசாந்த்' (அறுபது) என்று கேட்டதும் அவசரமாக 6 எழுதினால், பின்னாலேயே 'தூஸ்' (பன்னிரண்டு) வந்து 72 ஆக்கிவிடும். முழுதாகச் சொல்லி முடிக்கட்டும், அப்புறம் எழுதுங்கள். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 'செப்தாந்த்', 'நோனாந்த்' என்று 70, 90-க்குத் தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். புத்திசாலிகள்.

"சாப்பிடவில்லையா?" என்று கேட்டார்கள். 'வீ' (ஆமாம்) என்றேன், குழம்பிவிட்டார்கள்.

எதிர்மறைக் கேள்வியை மறுத்து "சாப்பிட்டேனே" என்று சொல்ல 'சி' என்று ஒரு தனிச் சொல் உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு ஈடில்லை.

பிரெஞ்சில் எந்தப் பெயர்ச்சொல் ஆண்பால், எது பெண்பால்?

'சியோன்' என்று முடிந்தால் அநேகமாகப் பெண்பால். மற்றதெல்லாம் மனப்பாடம்தான். 'தாப்ல்' (மேசை) என்று தனியாகப் படிக்காமல், பெண்பாலைக் காட்டும் 'லா'வோடு 'லா தாப்ல்' என்றே படியுங்கள்.

ரொட்டிக் கடையில் என்ன கேட்பது?

வெறும் 'பகெத்' (நீள ரொட்டி) கேட்காமல் 'யூன் த்ரதிசியோன்' (மரபு முறை பகெத்) கேளுங்கள். 1993-ல் வந்த அரசாணைப்படி அதில் ரசாயனச் சேர்க்கை கூடாது, மாவை உறையவைக்கவும் கூடாது. மொறுமொறுவென்று வேண்டுமானால் 'பியாங் குயித்', மெத்தென்று வேண்டுமானால் 'பா த்ரோ குயித்'. வீடு போய்ச் சேருவதற்குள் நுனியைப் பிய்த்துத் தின்னலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சாக்லேட் வைத்த ரொட்டிக்குப் பாரிசில் 'பாங் ஓ ஷொகொலா' என்று பெயர். போர்தோ, துலூஸ் பக்கம் அப்படிக் கேட்டால் 'ஷொகொலாத்தின்' என்று திருத்துவார்கள். சரி என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.